பள்ளிக்கூடத்துக்கு ஊரே முதலாளி
டெக்ஸாஸ் புறநகர் ஒன்றில் நாங்கள் பார்த்த வரவு செலவு

நமது சங்க உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். எங்கள் மகனும் அப்படித்தான். டெக்ஸாஸ் மாநிலத்தில், டல்லாஸ் நகருக்கு வடக்கே பிரிஸ்கோ என்ற புறநகரில் வீடு வாங்கிக் குடியிருக்கிறான். 2016-இல் ஒரு முறையும் 2024-இல் ஒரு முறையும் நாங்கள் இருவரும் போய்ச் சில மாதங்கள் தங்கி வந்தோம். அமெரிக்கா போய் வந்தவர்கள் வழக்கமாக நயாகரா அருவியைப் பற்றித்தான் சொல்வார்கள். எங்களுக்கு நாற்பது ஆண்டுகளாக மண்டிப் பேரேடு எழுதிப் பழகிய கை. பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தின் கணக்குதான் கண்ணில் பட்டது. அதை எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதால் எழுதுகிறோம்.

நம் ஊரில் அரசுப் பள்ளி என்றால் சென்னையிலிருந்து உத்தரவு வரும், சம்பளமும் அங்கிருந்தே வரும். அங்கே அப்படியில்லை. 'பள்ளி மாவட்டம்' என்பது நாம் நினைக்கிற வருவாய் மாவட்டம் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த ஒரு தனி உள்ளாட்சி. அதற்குத் தனி எல்லை, தனி வரி, தனி நிர்வாகக் குழு. பிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தின் பரப்பு சுமார் 75 சதுர மைல். பக்கத்து ஊர்களான பிளேனோ, மெக்கின்னி, லிட்டில் எல்ம் ஆகியவற்றின் சில பகுதிகளும் அதற்குள் அடக்கம். ஆகவே முகவரி மெக்கின்னி என்றிருக்கும், பிள்ளை படிப்பது பிரிஸ்கோ பள்ளியில் இருக்கும். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. வீட்டு விலையும் அதற்கேற்ப மாறும்.

மாவட்டத்தை நடத்துவது மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு அறங்காவலர்கள். ஒரு காசு சம்பளம் கிடையாது. இவர்கள் ஒரு கண்காணிப்பாளரை ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். அன்றாட நிர்வாகம் முழுவதும் அவர் கையில். பங்குதாரர்கள் சேர்ந்து ஒரு மேனேஜரை வைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டம் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துச் சில நிமிடங்கள் பேசலாம். ஒரு மாலை நாங்களும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு தாய் பஸ் வராததைப் பற்றிப் பேசினார், ஒரு முதியவர் வரியைப் பற்றிப் பொரிந்து தள்ளினார். ஏழு பேரும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். நமது பொதுக்குழுவில் இவ்வளவு பொறுமையை நாங்கள் கண்டதில்லை!

சரி, பணத்துக்கு வருவோம். டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளியைத் தாங்குவது பெரும்பாலும் சொத்து வரி. ஒருவர் கட்டும் சொத்து வரியில் மிகப் பெரிய பங்கு பள்ளி மாவட்டத்துக்கே போகிறது. 2016-இல் பிரிஸ்கோவில் விகிதம் நூறு டாலர் மதிப்புக்கு 1 டாலர் 46 சென்ட். நம் நகராட்சிச் சொத்து வரியிலும் கல்வி வரி என்று ஒரு வரி உண்டு, யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. அங்கே உற்றுப் பார்க்காமல் இருக்க முடியாது.

இனி வணிகர்களுக்கான செய்தி. அங்கே கடைக் கட்டடத்துக்கு மட்டுமல்ல, கடையில் இருக்கும் சரக்குக்கும் இந்த வரி உண்டு. ஜனவரி முதல் தேதி நிலவரப்படி அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, இருப்பு மூட்டைகள் எல்லாவற்றுக்கும் மதிப்புக் கணக்கிடப்படும். ஒரு லட்சம் டாலர் சரக்கு இருந்தால் அன்றைய விகிதத்தில் பள்ளிக்கு மட்டும் 1,460 டாலர். நாங்கள் வழக்கமாக அரிசி வாங்கும் மளிகைக் கடையை நடத்துபவர் தெலுங்குக்காரர். "டிசம்பர் வந்தாலே சரக்கு எடுக்கிறதைக் குறைச்சிடுவோம் அங்கிள்" என்றார். வீடு வைத்திருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டு மதிப்பில் 2023 முதல் ஒரு லட்சம் டாலர் வரை பள்ளி வரியிலிருந்து விலக்குத் தந்தார்கள். கடைக்கு அந்தச் சலுகை இல்லை. சரக்குக்கும் தளவாடங்களுக்கும் 1,25,000 டாலர் வரை விலக்குத் தர 2025 நவம்பரில்தான் மாநில வாக்காளர்கள் சம்மதித்தார்கள். போதாக்குறைக்கு, அந்தக் கடைக்காரர் குடியிருப்பது வேறு மாவட்டத்தில். கடை இருக்கும் இடத்தில் வரி மட்டும் உண்டு, ஓட்டு இல்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பள்ளி மாவட்டத்தின் வரி இரண்டு கணக்குகளில் போகிறது. ஒன்று நடைமுறைச் செலவு: ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பஸ் டீசல். மற்றது கடன் கணக்கு: கட்டடம் கட்டப் பத்திரம் போட்டு வாங்கிய கடனுக்கு அசலும் வட்டியும். கடன் கணக்குப் பணத்தை எடுத்துச் சம்பளம் போடக் கூடாது. கல்லாப் பணமும் பாங்குக் கடனும் தனித்தனி என்று நமக்குத் தெரியும், ஆனால் அவசரத்துக்கு அங்கிருந்து இங்கே மாற்றிவிடுவோம். அவர்களால் அது முடியாது. இந்தக் கடனுக்கு மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி ஜாமீன் நிற்கிறது. 1854-இல் இருபது லட்சம் டாலரில் தொடங்கிய நிதி அது. அந்த ஜாமீனால் வட்டி குறைவாகக் கிடைக்கிறது.

2016-இல் நடந்ததைக் கண்ணால் பார்த்தோம். பிரிஸ்கோ அசுர வேகத்தில் வளர்ந்த ஊர். 1990-இல் மக்கள்தொகை ஆறாயிரத்துக்குச் சற்று மேல். 2010-இல் 1,16,989. 2020-இல் இரண்டு லட்சம். ஆண்டுதோறும் புதுப் பள்ளி திறக்க வேண்டிய நிலை. கட்டடம் கட்ட 2014-இலேயே பெருங்கடனுக்கு மக்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள். கட்டிய பள்ளியில் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க நடைமுறை வரியை 13 சென்ட் கூட்ட வேண்டும் என்று நிர்வாகம் ஆகஸ்ட் 27-இல் வாக்கெடுப்பு நடத்தியது. நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 520 டாலர் கூடுதல். மக்கள் மறுத்துவிட்டார்கள். மாவட்டம் சுமார் 3 கோடி டாலர் செலவைக் குறைத்தது, வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டியது, நான்கு புதுப் பள்ளிகளின் திறப்பைத் தள்ளிப்போட்டது. குடோன் கட்டியாயிற்று, கணக்குப் பிள்ளைக்கும் சுமை தூக்குகிறவருக்கும் கொடுக்கக் காசில்லை என்ற கதைதான்.

அந்த வாக்கெடுப்பில் எங்கள் மகனுக்கு ஓட்டில்லை. வேலை விசாவில் இருந்தான். குடியுரிமை இருந்தால்தான் ஓட்டு. இன்று பிரிஸ்கோ பள்ளிகளில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளே மிகப் பெரிய பிரிவினர், அவர்களில் இந்தியப் பிள்ளைகள் ஏராளம். பெற்றோரில் பலர் முழு வரி கட்டுகிறார்கள், பிள்ளையின் பள்ளியைப் பற்றி ஓட்டுப் போட முடியவில்லை. இது எங்கள் மனத்தை உறுத்தியது.

பிறகு 2018 நவம்பரில் நிர்வாகம் கணக்கை மாற்றிப் போட்டுக் கேட்டது. நடைமுறை வரியைக் கூட்டி, கடன் வரியை அதைவிடச் சற்று அதிகமாகக் குறைத்து, மொத்தத்தில் விகிதம் இறங்குவது போல் அமைத்தார்கள். அதுவும் நிறைவேறியது, 69 கோடியே 10 லட்சம் டாலர் கடனும் நிறைவேறியது. விலையைச் சொல்லும் விதத்தில்தான் வியாபாரம் இருக்கிறது.

படிப்பு எப்படி என்று கேட்பீர்கள். மாநிலத்தில் நன்றாக நடக்கும் மாவட்டங்களில் ஒன்று. பள்ளியிறுதியை முடிப்போர் 97 சதவீதத்துக்கு மேல். ஆனால் படித்த பெற்றோர் கூடிய ஊரில் பிள்ளைகள் படிப்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். எங்களுக்குப் பிடித்தது வேறு. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சுமார் 2,100 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டுமாம். அதனால் இன்று 12 உயர்நிலைப் பள்ளிகள். பக்கத்து ஆலன் மாவட்டம் இதற்கு நேரெதிர்: ஊருக்கு ஒரே பெரிய உயர்நிலைப் பள்ளி, பல ஆயிரம் மாணவர், 2012-இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் கால்பந்து மைதானம். திறந்த இரண்டாம் ஆண்டிலேயே கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடி, 2015-இல் மறுபடி திறந்தார்கள். பிரிஸ்கோ தனியாகச் செலவு செய்யாமல், நகராட்சியோடும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியோடும் கூட்டுச் சேர்ந்து 12,000 இருக்கை அரங்கத்தை 2016-இல் பெற்றது. ஆனால் சிறு பள்ளிகள் பல என்றால் தலைமையாசிரியர்கள் பலர், சமையற்கூடங்கள் பல, செலவும் பல. ஒரே பெரிய கடையா, தெருவுக்குத் தெரு கிளையா என்ற நம் பழைய வாதம்தான்.

மாநிலமும் பணம் தருகிறது, ஆனால் பெயர்ப்பட்டியலைப் பார்த்துத் தருவதில்லை. பிள்ளை அன்றாடம் வந்தானா என்ற வருகைக் கணக்கைப் பார்த்துத் தருகிறது. ஜுரக் காலத்தில் பாதிப் பேர் வராவிட்டால் வரும்படி குறையும், ஆசிரியர் சம்பளம் குறையாது. தலைக்கு அடிப்படைத் தொகை 2019-இல் 6,160 டாலர் என்று வைத்தார்கள். 2021, 2022-இல் விலைவாசி எப்படி ஏறியது என்று நமக்குத் தெரியும். அந்தத் தொகை 2025 வரை அசையவில்லை, பிறகு 55 டாலர் மட்டும் கூடியது. இன்னொன்று: வசதியான மாவட்டம் தன் வரியில் ஒரு பங்கை மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டும். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியினர் தொடுத்த வழக்கில் 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் பழைய முறை செல்லாது என்றது. அதையொட்டி 1993-இல் வந்த சட்டம். ராபின் ஹூட் சட்டம் என்று கேலியாகச் சொல்வார்கள். பக்கத்துப் பிளேனோ பெருந்தொகை கட்டியிருக்கிறது, அங்குள்ளோர் முணுமுணுப்பது உண்டு. விருதுநகரில் வணிகர்கள் மகமை வசூலித்துப் பள்ளி நடத்தினார்கள், காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா அப்படி நடந்ததுதான். ஊரார் பணத்தில் ஊர்ப் பள்ளி என்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் மகமையில் ஒரு பங்கை முன்பின் தெரியாத ஊர்ப் பள்ளிக்கு அனுப்பச் சொன்னால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தோம்.

2024 நவம்பர் 5-இல் மறுபடி வாக்கெடுப்பு. நடைமுறை வரியில் சிறு உயர்வு, கட்டடங்களுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கடன். இம்முறை மகனுக்குக் குடியுரிமை இருந்தது, ஓட்டும் இருந்தது. திரும்பி வந்தவனைப் பள்ளித் தீர்மானத்துக்கு எப்படிப் போட்டாய் என்று கேட்டோம். "வேண்டாம்னு போட்டேன்ப்பா" என்றான். பள்ளிக் கடன் வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்று எழுதியே ஆக வேண்டும் என்று 2019 முதல் சட்டம். விகிதம் ஏறாவிட்டாலும் எழுத வேண்டும். அந்த வாசகத்தைப் பார்த்துத்தான் அப்படிப் போட்டானாம். எட்டு வருடத்துக்கு முன் ஓட்டில்லை என்று புலம்பியவன்! வரி என்றாலே வாயைச் சுளிக்கும் வியாபாரி நாங்கள், அன்று பள்ளிக்காக வாதாடினோம். "வீட்டு மதிப்பை வருஷா வருஷம் ஏத்துறாங்க, சம்பளம் அப்படி ஏறுதா?" என்றான். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மருமகள் இரண்டு நாள் அவனிடம் சரியாகப் பேசவில்லை. பேத்திக்கு அப்போது பதினான்கு வயது, அவளுடைய வகுப்பில் ஒருவரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றாள்.

எல்லாத் தீர்மானங்களும் தோற்றன. அதற்குள் இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. வீட்டு விலை ஏறிப்போனதால் சிறு பிள்ளைகளோடு புதிதாகக் குடிவருவோர் குறைந்தார்கள், பிள்ளைகள் எண்ணிக்கையே இறங்கத் தொடங்கியது. ஸ்டேலி நடுநிலைப் பள்ளியை 2024-25 கல்வியாண்டின் முடிவில் மூடினார்கள். ஆண்டுதோறும் பள்ளி திறந்த மாவட்டம், வெளி மாவட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் கொண்டுவந்தது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மாநிலமே பணம் தரும் திட்டத்துக்கும் 2025-இல் சட்டம் போட்டாயிற்று, 2026-27 கல்வியாண்டு முதல். வாடிக்கை கலையும்போது கடைக்காரன் படும் பாடு இனி அவர்களுக்கும் உண்டு.

ஊருக்குக் கிளம்பும் முன், டிசம்பர் கடைசி வாரத்தில் தெலுங்குக்காரர் கடைக்குப் போனோம். சோனா மசூரி மூட்டைகளை வாசலில் அடுக்கித் தள்ளுபடி விலையில் தள்ளிக்கொண்டிருந்தார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு மூட்டை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.