633 மீட்டர்தானே என்று கிளம்பிடாதீங்க: பிளீக்லோ மலைநடைக்குத் திட்டமிடுவது எப்படி?

இங்கிலாந்தின் மான்செஸ்டர், ஷெஃபீல்டு நகரங்களுக்கு நடுவே இருக்கிறது பிளீக்லோ மலை. உயரம் 633 மீட்டர். ஏறுவதற்குக் கயிறு தேவையில்லை. ‘இதுக்கா இவ்வளவு ஏற்பாடு?’ என்று தோன்றலாம். ஆனால் 1964 மார்ச்சில், ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நெடுந்தூர நடைப் போட்டியின்போது மோசமான வானிலையில் சிக்கி, மூன்று இளைஞர்கள் இந்தப் பகுதியில் குளிரால் உயிரிழந்தார்கள்.

என்ன ஆபத்து?

பிளீக்லோவுக்குக் கூரான சிகரம் கிடையாது. மேலே பரந்த சமவெளிதான். மட்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான ‘பீட்’ எனும் கருமண்ணை, மழைநீர் ஆளுயரப் பள்ளங்களாக அரித்திருக்கிறது. உள்ளே இறங்கினால் சுற்றிலும் எதுவும் தெரியாது. மேகமும் இறங்கினால் திசையே குழம்பிவிடும். 1948 நவம்பர் 3 அன்று அமெரிக்க பி-29 விமானம் ஒன்று மேகமூட்டத்தில் இங்கே மோதியதில், அதிலிருந்த 13 பேரும் இறந்தனர். சிதைந்த பாகங்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. சுமாராக 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். 10 கி.மீ. தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டரை மணி நேரம். இது நல்ல பாதைக்கான கணக்கு. சேற்றில் கால் புதையும் இடத்தில் இது போதாது; ஓய்வு நேரத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும்.

டிசம்பரில் இங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே ‘எத்தனை மணிக்கு உச்சியில் இருப்போம்’ என்பதைவிட, ‘எத்தனை மணி ஆனால் உச்சியைத் தொடாவிட்டாலும் திரும்பிடுவோம்’ என்பதை வீட்டிலேயே முடிவு செய்வது முக்கியம். மேலே போன பிறகு, ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று மனசு சொல்லும்.

என்ன எடுத்துச் செல்வது?

1:25,000 அளவிலான ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம், திசைகாட்டி, இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர். செல்போன் வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மழையங்கி, கூடுதல் கம்பளி உடை, தலைவிளக்கு, உணவு, விசில் ஆகியவையும் அவசியம்.

சிக்கிக்கொண்டால்?

ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். சிக்னல் இருந்தால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். தேடி வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கிளம்பும் முன்பே ஒருவரிடம் சொல்லி வைத்தால், அவர்கள் மலை முழுக்கத் தேட வேண்டியிருக்காது.