நெல்லி இல்லாத கொடி

மேலே சிவப்பு, கீழே வெள்ளை, மூலையிலுள்ள நீலக் கட்டத்தில் மஞ்சள் பிறையும் ஐந்துமுனை நட்சத்திரமும்: மலாக்கா மாநிலக் கொடி இவ்வளவுதான். நான்கு நிறங்களும் மலேசியத் தேசியக் கொடியில் இருப்பவை. ஆகவே கூட்டரசோடு உள்ள உறவை அது தெளிவாகச் சொல்கிறது, மலாக்காவைத்தான் சொல்லவில்லை. ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மரம் நம் நெல்லி. மாநிலச் சின்னத்தில் சருகுமான்களோடு நிற்கும் அந்த மரம் கொடிக்கு வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இலையும் காயும் தெரியாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் பினாங்குக் கொடியில் பாக்குமரம் நிற்கிறதே! ஜப்பானின் 47 மாகாணங்களில் பலவும் தம் பெயரின் எழுத்தையே வளைத்துக் கொடிக்கு ஒற்றைச் சின்னமாக்கியிருக்கின்றன. அப்படி நாலே கோட்டில் ஒரு நெல்லிக்கொத்து இருந்தால், மலாக்காவின் ஜாசின் தோட்டத்துப் பிள்ளைகூடப் பார்த்தவுடன் தன் ஊர்க்கொடி என்று சொல்லும்.