பகடைக்குள் ஒரு நடுவர்

வீரன் ஒருவன் ஓநாயின் மீது வாளை வீசுகிறான். வெட்டு விழுந்ததா, தப்பியதா? மாயாஜால உலகில் நடக்கும் கணினி விளையாட்டுகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். திரையில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்: அதே வாள், அதே கவசம், அதே பாழடைந்த கோட்டை. ஆனால் விடையைத் தீர்மானிக்கும் கணக்கு விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடுகிறது. கணக்கு மாறும்போது ஆடுபவரின் துணிச்சலும் பொறுமையும் பேராசையும் சேர்ந்தே மாறுகின்றன.

இந்த விளையாட்டுகளின் தாய்வீடு கணினி அல்ல, சாப்பாட்டு மேசை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். ஒருவர் மட்டும் நடுவர். கதை சொல்வது, அரக்கர்களை இயக்குவது, விதிகளுக்குப் பொருள் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பகடை கொடுமையாக விழுந்தால் கொஞ்சம் தளர்த்துவார். யாராவது விதியின் ஓட்டையில் புகுந்து விளையாடினால், “போதும்” என்று நிறுத்துவார்.

1981-இல் ‘அல்டிமா’, ‘விசர்ட்ரி’ ஆகியவை ஆப்பிள் 2 கணினிக்கு வந்தபோது பகடையும் அட்டவணைகளும் எளிதாகக் கணினிக்குள் போய்விட்டன. நடுவரின் மனசாட்சியை மட்டும் ஏற்ற முடியவில்லை. அதன் பிறகான நாற்பதாண்டு விதிமாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: அந்த நடுவரின் இரக்கத்தையும் கண்டிப்பையும் எண்களாக எழுதிவைக்கும் முயற்சிதான் இத்தனையும்.

நூற்றுக்கு நாற்பது

1998-இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட்’டிலிருந்து தொடங்கலாம். கனடாவின் எட்மன்டன் நகரில், மருத்துவம் படித்தவர்கள் சேர்ந்து தொடங்கிய பயோவேர் நிறுவனத்தின் படைப்பு அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு விதிகளைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டது.

இதில் கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். வீரனுக்கு ‘தாக்கோ’ என்றோர் எண் உண்டு. முதல் லெவலில் அது 20. எதிரியின் கவச எண்ணை அதிலிருந்து கழிக்க வேண்டும். ஓநாயின் கவச எண் 7 என்றால் மிச்சம் 13. இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் வெட்டு படும். இருபதில் எட்டு முகங்கள், அதாவது 40 சதவீதம்.

ஒரு சுற்றுக்கு 6 விநாடி. தொடக்க நிலை வீரனுக்குச் சுற்றுக்கு ஒரு வீச்சு. மூன்று வீச்சும் அடுத்தடுத்துத் தவறும் வாய்ப்பு 21.6 சதவீதம். அதாவது ஐந்து சண்டையில் ஒன்றில், முதல் 18 விநாடிகள் வீரன் காற்றைத்தான் வெட்டிக்கொண்டிருப்பான். மேசையில் என்றால் நடுவர், “ஓநாய் பதுங்கிவிட்டது, உன் வாள் மரவேரில் சிக்கிக்கொண்டது” என்று அந்தத் தோல்வியையே கதையாக்கிவிடுவார். கணினியோ ‘தவறியது’ என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறது. விதி மாறவில்லை, அனுபவம் கசக்கிறது.

பாத்திரத்தை உருவாக்கும் கட்டத்திலும் இதே சிக்கல். பலம், அறிவு, கவர்ச்சி போன்ற ஆறு பண்புகளுக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டுவது மேசையின் பழைய வழக்கம். மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அவற்றில் 18 வருவது ஒரே ஒரு விதத்தில். 10 வருவது 27 விதங்களில். எனவே மாவீரர்கள் அபூர்வம், சராசரி ஆட்களே மிகுதி. மேசையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க உருட்டியதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். பால்டர்ஸ் கேட்டிலோ ‘மறுபடி உருட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆடியவர்கள் நல்ல எண் வரும்வரை அதை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அபூர்வம் என்பதற்கே பொருளில்லாமல் போனது. 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ இதைத் தீர்த்துவிட்டது. எல்லாருக்கும் 27 புள்ளிகள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும்.

அரைகுறை வெற்றி

வீச்சு தவறும் கசப்புக்கு 2015-இல் அப்சிடியன் நிறுவனம் ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி’யில் ஒரு மருந்து தந்தது. இங்கே 1 முதல் 100 வரை ஓர் எண் உருட்டப்படும். அத்துடன் தாக்குபவரின் குறித்திறனைக் கூட்டி, எதிரியின் தற்காப்பைக் கழிப்பார்கள். 15 வரை வந்தால் தவறியது. 16 முதல் 50 வரை உரசல், பாதிச் சேதம். 51 முதல் 100 வரை முழு அடி. நூறைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு.

இரு தரப்பும் சமபலம் என்றால் முழுவதுமாகத் தவறும் வாய்ப்பு 15 சதவீதம்தான். தாக்குபவரின் கை 20 புள்ளி ஓங்கியிருந்தால் தவறவே தவறாது: 30 சதவீதம் உரசல், 50 சதவீதம் முழு அடி, 20 சதவீதம் பலத்த அடி. பழைய விதியில் திறமை கூடினால் அடிக்கடி வெல்வோம்; இதில் திறமை கூடினால் தோல்வியின் தன்மையே மென்மையாகிறது. கணக்கு முழுவதும் சண்டைக் குறிப்பேட்டில் வரிவரியாகத் தெரியும் என்பது இன்னும் சிறப்பு.

இரண்டு பகடையின் ஜாலம்

பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் உருவாக்கிய பால்டர்ஸ் கேட் 3, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. அந்தப் பதிப்பின் அழகான கண்டுபிடிப்பு ‘அட்வான்டேஜ்’. சூழல் சாதகமாக இருந்தால் இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பாதகமாக இருந்தால் சிறிய எண்.

இதற்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. 11 வந்தால் போதும் என்ற நிலையில் ஒரு பகடையின் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். இரண்டு பகடையில் 75. ஒரேயடியாக 25 புள்ளி ஏற்றம். ஆனால் 20 மட்டுமே வேண்டும் என்றால் 5 சதவீதம் 9.75 ஆகிறது, 2 வந்தாலே போதும் என்றால் 95 சதவீதம் 99.75 ஆகிறது. இரு ஓரங்களிலும் ஏற்றம் 5 புள்ளிக்கும் குறைவு. அதாவது இந்த விதி, நடக்குமா நடக்காதா என்று ஊசலாடும் தருணத்தில்தான் கை கொடுக்கிறது. நடக்கவே நடக்காததை நடத்திக் காட்டுவதில்லை. அனுபவமுள்ள நடுவர் செய்வதும் இதைத்தானே?

ஆனால் தாராளம் அளவு மீறினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். 2020-இல் இந்த விளையாட்டு முன்னோட்டமாக வெளிவந்தபோது உயரமான இடத்தில் நின்று தாக்கினாலே அட்வான்டேஜ் கிடைத்தது. விளைவு, எந்தச் சண்டையானாலும் முதல் வேலை ஏணியைத் தேடுவது. முழு வடிவம் வந்தபோது உயரத்துக்குக் கிடைப்பது பகடையில் +2 மட்டுமே என்று மாற்றியிருந்தார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள வீச்சில் 25 புள்ளியாக இருந்த லாபம் 10 புள்ளியானது. மேடு இன்னமும் நல்ல இடம்தான். ஒரே நல்ல இடமாக இல்லாமல் போனது.

மறைவாகக் காட்டும் இரக்கம்

ஜப்பானின் ‘ஃபயர் எம்ப்ளம்’ வரிசை வேறு வழியில் போனது. 2002-இல் வந்த பாகத்திலிருந்து அடி படுமா என்பதற்கு இரண்டு எண்களை உருட்டி, அவற்றின் சராசரியைப் பார்க்கத் தொடங்கினார்கள். சராசரி எப்போதும் நடுப்பக்கம் சாயும். அதனால் திரையில் 90 சதவீதம் என்று காட்டும் வீச்சு உண்மையில் ஏறத்தாழ 98 சதவீதம் படும்; 10 சதவீதம் என்று காட்டுவது ஏறத்தாழ 2 சதவீதமே. பெரும்பாலும் நம் பக்கம் பெரிய எண்களும் எதிரி பக்கம் சிறிய எண்களும் இருப்பதால் லாபம் நமக்கு. திரை மட்டும் இதைச் சொல்வதில்லை.

இந்தப் பூச்சு ஏன் தேவைப்படுகிறது? ‘சிவிலைசேஷன்’ விளையாட்டை உருவாக்கிய சித் மேயர் 2010-இல் சான் ஃபிரான்சிஸ்கோ விளையாட்டு வடிவமைப்பாளர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் தாங்கள் தோற்றால் ஆடுபவர்கள் அதை அநியாயம் என்கிறார்கள். ஒன்றுக்கு மூன்று என்ற பலவீனத்தில் தாங்கள் ஜெயித்தால் அது அவர்களுக்கு இயல்பாகவே படுகிறது. 90 சதவீதம் என்றால் நம் மனம் ‘நிச்சயம்’ என்றே வாசிக்கிறது. பத்தில் ஒன்று தவறும் என்பது அறிவுக்குத் தெரியும், உள்ளத்துக்கு உறைப்பதில்லை.

பால்டர்ஸ் கேட் 3-இலும் தோல்விகள் தொடர்ச்சியாக விழாமல் தடுக்கும் ‘கார்மிக் டைஸ்’ உண்டு. ஆனால் அது அமைப்புகள் பட்டியலில் வெளிப்படையாக இருக்கிறது, வேண்டாதவர் அணைத்துவிடலாம். எனக்கு இதுவே நேர்மையான வழி என்று தோன்றுகிறது. இரக்கம் காட்டுவதில் தவறே இல்லை. எண்ணைத் திரித்துக் காட்டும்போது, வாய்ப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளும் அரிய சந்தர்ப்பத்தை ஆடுபவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்.

“போதும்” என்று சொல்ல ஆளில்லை

நடுவரின் கண்டிப்பையும் எண்களாக்க வேண்டியிருந்தது. பழைய பதிப்புகளில் மந்திரவாதி தன் மந்திரங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டும். சொன்னதும் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து வந்த யோசனை இது. தூங்கி எழுந்தால்தான் மறுபடி மந்திரம். மேசையில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒருவர் தூங்கப் போனால் நடுவர் விடமாட்டார். கணினியில் யார் தடுப்பது? பால்டர்ஸ் கேட் 3 நீண்ட ஓய்வுக்கு வழக்கமான நிலையில் 40 அலகு உணவுப் பொருள் கேட்கிறது. தூக்கத்துக்கு ஒரு விலை வைத்ததும் மந்திரத்துக்கும் மதிப்பு வந்துவிட்டது.

அனுபவப் புள்ளிகளின் கதை இன்னும் சுவையானது. தொடக்க கால டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. அரக்கனைக் கொல்வதைவிட அவன் தூங்கும்போது புதையலைத் தூக்கி வருவதே கெட்டிக்காரத்தனம். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசை இதை மாற்றி, எதைச் செய்கிறோமோ அதில் திறமை வளரும் என்றது. கேட்க நியாயமான விதி. ஆனால் 2002-இன் ‘மாரோவிண்ட்’டில் ஆடியவர்கள் குதிக்கும் திறனை வளர்ப்பதற்காக ஊர் ஊராகக் குதித்துக்கொண்டே போனார்கள். 2011-இன் ‘ஸ்கைரிம்’மில் ஓர் இரும்புக் கட்டியும் ஒரு தோல் பட்டையும் இருந்தால் ஒரு குத்துவாள் செய்யலாம். அதையே திரும்பத் திரும்பச் செய்து பலர் தலைசிறந்த கொல்லர்களாகிவிட்டார்கள். பிறகு வந்த திருத்தத்தில், செய்யும் பொருளின் மதிப்புக்கேற்பவே திறமை வளரும் என்று மாற்றினார்கள். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் வெறுமனே கொல்வதற்குப் புள்ளி கிடையாது. ஏற்ற பணியை முடிப்பதிலும், புதுவகை அரக்கரைப் பற்றி அறிந்துகொள்வதிலும்தான் பெரும்பாலான புள்ளிகள். அதனால் சண்டையைத் தவிர்ப்பதும் புத்திசாலித்தனமான ஒரு வழியாகிறது.

இந்தக் குதியலையும் குத்துவாள் குவியலையும் ஆடுபவரின் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. எதற்குப் பரிசு என்று விதி சொல்கிறதோ, அதைத்தான் மனிதர்கள் செய்வார்கள். வடிவமைப்பாளர் எழுதிய கதை ஒன்றாக இருக்கலாம். அவர் எழுதிய கணக்கு வேறொன்றைக் கேட்டால் கணக்கே வெல்லும்.

எனவே, வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய விளையாட்டில் மூழ்கியிருந்தால், எத்தனை மணி நேரம் ஆடினாய் என்பதோடு மேலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். தற்செயல் எந்த இடத்தில் நுழைகிறது? விதி எதற்குப் பரிசு தருகிறது? திரையில் காட்டும் எண்ணும் உள்ளே ஓடும் எண்ணும் ஒன்றா? பாடப் புத்தகத்தில் நாணயமும் சீட்டுக்கட்டுமாக வறண்டு கிடக்கும் நிகழ்தகவுப் பாடம், இந்தக் கேள்விகளால் உயிர் பெறும்.

மூன்றாவது கேள்வியின் தேவை விளையாட்டோடு முடிவதில்லை. இன்று பல கேம்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டிகளை நிஜப் பணத்துக்கு விற்கின்றன. எது எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று வெளியிட வேண்டுமெனச் சீனா இட்ட ஆணை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018-இல் பெல்ஜியம் அறிவித்தது. அரசுகள் தாமதமாகக் கேட்ட கேள்வியை, ஓநாயின் மீது முதல் வாளை வீசும் பத்து வயதுப் பிள்ளை இன்றே கேட்கலாம். கணக்கைக் காட்டு என்று கேட்கப் பழகியவரை ஏமாற்றுவது கடினம்.