புது கிராபிக்ஸ் கார்டும் அணைந்துபோகும் கணினியும்

புது கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு கணினி திடீரென்று அணைந்தாலும் உறைந்தாலும் பழி கார்டின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கும்: கார்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பாகத்தில், அல்லது பழைய கார்டு விட்டுப்போன டிரைவரில். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள போ, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு ஈப்போ கடைக்கு இறங்கினால் ஒரு நாள் வேலை கெடும். ஆகவே, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது.

கணினி எப்படி நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ சூடுபிடிக்கும் நேரத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்தால், சந்தேகம் பவர் சப்ளை மீது போக வேண்டும். திரை கறுத்து ஒரு நொடியில் திரும்பி வந்தாலோ நீலத்திரை விழுந்தாலோ டிரைவரைப் பார்க்க வேண்டும். கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்க முயலும், அது பலிக்காதபோதுதான் நீலத்திரை. ஈவென்ட் வியூவரில் தென்படும் ‘கர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பலர் கலங்குகிறார்கள். கணினி முறையாக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

மின்சாரக் கணக்கு எளியது. மதர்போர்டின் ஸ்லாட் 75 வாட் வரை தரும். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற நடுத்தரக் கார்டே 170 வாட் இழுக்கும்; அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தம் அளவைத் தாண்டி இழுப்பதால், பழைய பவர் சப்ளை அந்த நொடியில் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. பெட்டியில் பெரிதாக எழுதிய வாட்டை நம்பாமல், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் என்றால் 360 வாட்தான். கார்டில் இரண்டு 8 பின் துளைகள் இருந்தால், ஒரே கேபிளின் இரு முனைகளைச் செருகாமல் தனித்தனிக் கேபிள் கொடுப்பதே பாதுகாப்பு.

மலையில் இடி மின்னலுக்கும் மின்தடைக்கும் பயந்து பல வீடுகளில் சிறிய யுபிஎஸ் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 650 விஏ என்று போட்ட யுபிஎஸ் பெரும்பாலும் 400 வாட்டுக்குக் கீழேதான் தாங்கும். பழைய கார்டுக்கு அது போதும். புதுக் கார்டு சேர்ந்ததும் சுமை மீறி யுபிஎஸ்ஸே மின்சாரத்தை வெட்டிவிடும். வானம் தெளிந்திருக்கும் நாளில் கணினியை நேரே சுவர் பிளக்கில் செருகி ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அப்போதும் அணைந்தால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின்வரம்பை 70 விழுக்காட்டுக்கு இறக்கலாம். அதன்பின் நின்றுபோகாமல் ஓடினால் பவர் சப்ளை மீதுள்ள சந்தேகம் வலுக்கிறது.

டிரைவரைச் சுத்தம் செய்ய, இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ மூலம் பழையதை முழுதாக நீக்க வேண்டும். பிறகு என்விடியா அல்லது ஏஎம்டியின் புதிய டிரைவரை நிறுவ வேண்டும். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கு மாறியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. ஓவர்கிளாக், ரேமின் எக்ஸ்எம்பி அமைப்பு ஆகியவற்றையும் சோதனைக்காக அணைத்து வைக்கலாம்.

வெப்பத்தில் மலைவாசிகளுக்குச் சற்று நிம்மதி உண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் மின்விசிறி கொண்டுபோகும் சூடும் குறையும். ஆனால் குளிர்ந்த காற்று அதை ஈடுகட்டிவிடுகிறது. தொல்லை தருவது ஈரம். ஜன்னலோரத்தில் வைத்த கணினிக்குள் மூடுபனி புகுந்து, தூசியோடு சேர்ந்து விசிறியிலும் கார்டின் தொடுமுனைகளிலும் படியும். மின்சாரத்தைத் துண்டித்து, கார்டைக் கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முனைகளைத் துடைத்து, உலர்ந்ததும் ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பாதை வளைவுகள் நிறைந்தது. கனமான கார்டைப் பொருத்தியபடியே கணினியை அவ்வழியே கொண்டுவந்தால் அது ஸ்லாட்டில் தளர்ந்துபோகக்கூடும். கழற்றித் தனிப் பெட்டியில் கொண்டுவருவதே சரி.

இத்தனைக்குப் பிறகும் தீராவிட்டால், பழைய கார்டைத் திரும்பப் போட்டு அதே வேலையைச் செய்து பார்க்க வேண்டும். அப்போதும் கணினி நின்றால் புதுக் கார்டு நிரபராதி. நிற்காமல் ஓடினால், போதுமான பவர் சப்ளை உள்ள இன்னொருவர் கணினியில் புதுக் கார்டைப் பொருத்திப் பார்க்கலாம். அங்கேயும் விழுந்தால் கார்டில்தான் பழுது. வரிசை எண் ஒட்டிய லேபிளைக் கிழிக்காமல், ரசீதோடும் செய்த சோதனைகளின் குறிப்போடும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். உத்தரவாதக் காலத்தில் கடை மாற்றித்தர மறுத்தால், மலேசியாவில் 50,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே பதியலாம்.