உஷார்! வர்த்தகப் பேரத்தில் மாணவர்கள்

2025 ஜூனில் சீனாவுடன் எட்டிய வர்த்தக உடன்பாடு பற்றி அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்னதைக் கவனித்தீர்களா? சீனா அரிய மண் தாதுக்களைத் தரும். பதிலுக்குச் சீன மாணவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கலாம். தாதுவும் கல்லூரி இடமும் ஒரே பேரத்தில்! அதற்கு இரண்டு வாரம் முன்புதான், சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக ரத்து செய்வோம் என்று வெளியுறவு அமைச்சர் ரூபியோ அறிவித்திருந்தார். 6 லட்சம் சீன மாணவர்கள் வரலாம் என்று ஆகஸ்டில் சொன்னார் டிரம்ப். படிக்கப் போன பிள்ளைகள் பகடைக்காய்களாகிவிட்டார்கள்.

இந்த விளையாட்டின் விலையை அமெரிக்கா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 1882இல் சீனத் தொழிலாளர்களுக்குத் தடை போட்டது. சட்டத்தில் மாணவர்களுக்கு விலக்கு இருந்தும், துறைமுகங்களில் அவர்களும் அவமானப்பட்டார்கள். கோபம் முற்றி, 1905இல் ஷாங்காய் வணிகர்கள் அமெரிக்கச் சரக்கைப் புறக்கணித்தார்கள். மறு ஆண்டே இல்லினாய் பல்கலைக்கழகத் தலைவர் எட்மண்ட் ஜேம்ஸ் அதிபர் ரூஸ்வெல்ட்டை எச்சரித்தார்: இளைய சீனர்களுக்குக் கல்வி தரும் நாட்டுக்கே நாளை அங்கே செல்வாக்கும் வாணிபமும். அந்நியருக்கு எதிராக எழுந்த பாக்ஸர் கலகத்துக்காகச் சீனாவிடம் வசூலித்த இழப்பீட்டில் ஒரு பகுதியை 1908இல் விட்டுக்கொடுத்து, அதையே சீன மாணவர்களின் படிப்புச் செலவுக்குத் திருப்பினார்கள். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகம் 1911இல் பிறந்தது அந்தப் பணத்தில்தான்.

அது தர்மமல்ல, தெளிவான வியாபாரக் கணக்கு. ஒரு நாட்டின் பாடநூலிலும் ஆய்வுக்கூடத்திலும் பழகிய பொறியாளருக்கு அந்த நாட்டின் தர அளவுகளும் இயந்திரங்களும் அத்துப்படி. ஊர் திரும்பிக் கொள்முதல் செய்யும்போது கை தானாக அங்கேதான் நீளும். விரட்டினாலோ கணக்கு தலைகீழ். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் வளர்ந்த சீன ராக்கெட் அறிஞர் சியான் சுயெசென்னைச் சந்தேகப்பட்டு ஐந்தாண்டுகள் முடக்கிவைத்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை அவர்தான்!

பெய்ஜிங்கும் இதே ஆயுதத்தை வீசுகிறது. 2020இல் கொரோனாவின் தோற்றம் பற்றி விசாரணை வேண்டும் என்றது ஆஸ்திரேலியா. உடனே அதன் பார்லிக்கு 80 சதவீத வரி. அடுத்த மாதமே, அங்கே படிக்கப் போவதை யோசித்துச் செய்யுங்கள் என்று சீனக் கல்வி அமைச்சகத்தின் அறிவிப்பு. 2025 ஏப்ரலில், வரிப்போரின் உச்சத்தில், அமெரிக்காவைப் பற்றியும் அப்படியே எச்சரித்தது.

நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2019-20இல் 3,72,000 ஆக இருந்த சீன மாணவர்கள் 2023-24இல் 2,77,000 ஆகக் குறைந்தார்கள். அந்த ஆண்டு முதலிடத்தைப் பிடித்தவர்கள் 3,31,000 இந்திய மாணவர்கள்! நாளைய பேரத்தில் இவர்களும் வைக்கப்படலாம். ஒரே நாட்டை நம்பிக் கடன் வாங்கும் முன், விசா விதி பாதியில் மாறினால் படிப்பை எங்கே தொடர்வது, தவணையை எப்படிக் கட்டுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.