அணியத்தில் யாரை இருத்துகிறோம்?

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கோ ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கோ வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறிய படகில் போகும்போது, ஆட்கள் ஏறும் ஒழுங்கை நான் கவனிப்பதுண்டு. சுறுசுறுப்பானவர்கள் முதலில் ஏறிப் பின்பக்கத்தையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொள்வார்கள். நடக்கச் சிரமப்படுபவர்கள் கடைசியாக ஏறுவார்கள். அவர்களுக்கு மிஞ்சுவது அணியம், அதாவது படகின் முன்பக்கம்.

எறிகணைச் சிதறலை உடலில் சுமப்பவர்களும், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும், செயற்கைக் காலுடன் நடப்பவர்களும் எங்களிடையே நிறையப் பேர். அவர்களுக்கு ஆகவே ஆகாத இடம் அதுதான்.

காரணம் எளிமையானது. இயந்திரத்தின் பாரம் பின்பக்கத்தில் இருப்பதால் வேகமாக ஓடும் படகின் பின்பகுதி தண்ணீரில் அமர்ந்திருக்கும். அலையில் ஏறி விழுவது முன்பகுதி. அங்கே இருப்பவர் பலகையிலிருந்து மேலே தூக்கப்படுகிறார். அவர் கீழே வரும் நேரத்தில் அடுத்த அலை படகை மேலே தள்ளுகிறது. இரண்டும் மோதும் அடி நேராக முள்ளந்தண்டில் இறங்குகிறது. நிற்பவருக்கு முழங்கால் மடிந்து அடியின் ஒரு பங்கை வாங்கும்; இருப்பவருக்கு அந்த உதவி இல்லை. நெஞ்சுப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்து எலும்புகளே இதில் அதிகம் நசுங்குகின்றன. பிரித்தானியாவில் உல்லாசப் பயணிகளை ஏற்றும் வேகப் படகுகளில் நடந்த இத்தகைய முறிவுகளை அந்நாட்டுக் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்ந்திருக்கிறது.

இரண்டாவது ஆபத்து, தவறி விழுவது. பின்பக்கத்திலிருந்து விழுபவரை விட்டுப் படகு விலகிப் போகும். முன்பக்கத்திலிருந்து விழுபவரின் மேலாகவே அது போகும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில்கூடப் படகு ஒரு விநாடிக்கு 5 மீற்றர் ஓடுகிறது. 7 மீற்றர் நீளமான படகென்றால், நீருக்குள் சுழலும் இயந்திர விசிறி ஒன்றரை விநாடிக்குள் அவரை எட்டிவிடும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்த அந்த நேரம் போதாது.

படகோட்டிகள் முன்னுக்கு ஆட்களை இருத்துவதற்கும் காரணம் உண்டு. எல்லோரும் பின்னால் இருந்தால் அணியம் தூக்கிக்கொள்ளும், முன்னால் வருவது தெரியாது. அந்தப் பாரத்தை அரிசி மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் கொடுக்கலாம். மனிதர்தான் வேண்டுமென்றில்லை.

கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்த நாட்களில் படகில் இடம் கிடைத்ததே பெரிது. எந்த இடம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. இன்று கேட்கலாம், கேட்கவேண்டும்.

காயப்பட்டவர்கள், முதியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரைப் பின்பக்கத்தில், படகோட்டிக்கு அருகில் இருத்துங்கள். நெடுந்தீவிலிருந்து நோயாளரைக் கொண்டுவரும்போதும் அப்படியே. யாரும் விளிம்பில் ஏறி இருக்கவோ காலை வெளியே தொங்கவிடவோ கூடாது. பாதுகாப்பு அங்கியை மடியில் வைத்திருக்காமல் அணிந்து, பட்டிகளைப் பூட்டுங்கள். சோழகமோ வாடையோ பலமாக வீசும் நாளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வேகம் பாதியானால் படகு அலையில் மோதும் சக்தி ஏறத்தாழக் காற்பங்காகும். முன்னுக்கு இருந்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலமான அடிக்குப் பிறகு ஒருவர் முதுகு நோகிறது என்றால் கைகால் பிடித்துத் தூக்காதீர்கள். அசைக்காமல் படுக்க வைத்து, மெதுவாகக் கரைசேர்ந்து, பலகையில் கிடத்தியே இறக்குங்கள். கால் விறைத்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். ஏற்கனவே காயமிருந்த முதுகு என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இதற்குப் புதிய படகோ புதிய சட்டமோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பின்னால் இருக்கும் இளைஞர் ஒருவர் எழும்பி இடம் கொடுத்தால் போதும்.