எத்தனை கட்டிலுக்கு ஒரு நர்சு?

மில் தொழிலாளியைக் கேளுங்கள், ஒரு ஆள் எத்தனை தறி பார்ப்பது என்று கணக்குச் சொல்வார். அந்தக் கணக்குக்காக வாயிற்கூட்டம் நடத்தியிருப்பார், வேலைநிறுத்தம் செய்திருப்பார், சிறைக்கும் போய் வந்திருப்பார். படாளம் சர்க்கரை ஆலைத் தோழரைக் கேளுங்கள். அரவைக் காலத்திலே ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஆள் குறைந்தால் என்ன நேரும் என்பதை விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்.

அதே தோழர், கால் முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலிலே படுக்கும்போது, தன்னைக் கவனிக்கும் நர்சு இன்னும் எத்தனை பேரைக் கவனிக்கிறார் என்று கேட்பதில்லை. டாக்டர் வந்தாரா என்கிறோம். மருந்து உண்டா என்கிறோம். ஸ்கேன் உண்டா என்கிறோம். நர்சு எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்கிறோம் நாம். நம் கற்பனையல்ல இது. கால் நூற்றாண்டு ஆராய்ச்சி சொல்லும் செய்தி.

அமெரிக்காவிலே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லிண்டா எய்க்கன் என்ற அம்மையார். அவரும் நர்சுதான், நர்சாயிருந்து ஆராய்ச்சியாளரானவர். அந்த மாநிலத்தின் 168 ஆஸ்பத்திரிகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 2 லட்சத்து 32 ஆயிரம் பேரின் கணக்கை அவரும் அவருடைய குழுவினரும் எடுத்தார்கள். நர்சுகள் 10 ஆயிரம் பேரிடம், "உன் ஷிப்டில் எத்தனை நோயாளி?" என்று கேட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியிட்டார்கள் முடிவை: ஒரு நர்சின் தலையில் நோயாளி ஒருவர் கூடினால், 30 நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. நான்கு பேரைப் பார்க்கும் நர்சை எட்டுப் பேரைப் பார்க்கச் சொன்னால், நூற்றுக்கு 31 பங்கு கூடுகிறது. அதாவது, அங்கே 100 பேர் இறந்திருக்கக்கூடிய இடத்தில், இங்கே ஏறத்தாழ 131 பேர்.

அமெரிக்காவிலே மட்டும்தானோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், 4 லட்சத்து 22 ஆயிரம் நோயாளிகளைக் கொண்டு மறுபடி பார்த்தார்கள். 2014-ல் வந்தது விடை. அங்கேயும் அதே 7!

ஏன் இப்படி? மந்திரம் ஒன்றுமில்லை, தோழர்களே. நோயாளி திடீரென்று செத்துப்போவதில்லை. பல மணி நேரத்துக்கு முன்பே உடம்பு சொல்லத் தொடங்குகிறது. மூச்சு கொஞ்சம் வேகமாகிறது. நாடி ஓடுகிறது. சிறுநீர் குறைகிறது. பேச்சு சற்றுக் குழறுகிறது. டாக்டர் காலையில் வருவார், மாலையில் வருவார். நடுநிசியில் இரண்டு மணிக்கு அந்தக் குழறலைக் கேட்கும் காது எது? நர்சின் காது. அந்தக் காது வேறு பத்துக் கட்டில்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தால், கேட்காது.

கணக்குப் போடுங்கள். 30 கட்டில். ஒருவரிடம் 10 நிமிஷம்: நாடி, ரத்த அழுத்தம், ஊசி, புண் கட்டு, ஒரு வார்த்தை. 30 பேருக்கு 300 நிமிஷம், 5 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டிலே ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்று முடியாது. புதிதாக ஒரு விபத்து வந்து சேர்ந்தால் முதல் சுற்றும் முடியாது. பதிவேடு எழுதுவது தனி. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லையேல் முதுகில் புண் என்கிறது பாடப் புத்தகம். யார் புரட்டுவது?

இங்கே யார் புரட்டுகிறார் என்பது நமக்குத் தெரியும். மனைவி புரட்டுகிறாள். அம்மா புரட்டுகிறாள். கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருக்கும் அந்த அம்மாள்தான் நம் ஆஸ்பத்திரிகளின் கணக்கில் வராத நர்சு. கஞ்சி கொண்டுவருவாள், சலைன் பாட்டில் தீர்கிறதா என்று பார்ப்பாள், ஓடிப்போய் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவாள். நாற்று நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாள். சர்க்காருக்கு மிச்சமாகும் சம்பளம் அவள் இழந்த கூலியிலிருந்து போகிறது. இதைப் பாசம் என்று பாராட்டுகிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால், மூச்சு மாறுவதன் பொருள் என்ன என்பதை அவளுக்கு யார் கற்றுக் கொடுத்தார்?

பணக்கார நாட்டுப் பேச்சு நமக்கெதற்கு என்பார் சிலர். நம் ரயில் பாதையிலேயே சான்று இருக்கிறது. மதுராந்தகத்திலிருந்து சென்னை போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயரைப் பார்த்திருப்பார்கள். காசநோய் என்றால் வீட்டைவிட்டு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய்ப் பல மாதம் கிடந்தாக வேண்டும் என்றிருந்த காலம். ஏழைக்கு அங்கே இடமும் கிடைக்காது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஏற்பட்டது. நகரத்தின் ஏழை மக்கள் 193 பேர். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் சொந்தக் குடிசையிலேயே. மருந்து இருவருக்கும் ஒன்றே. நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில். இட நெருக்கடியும் அரை வயிறும் குடிசையில். 1959-ல் முடிவு வெளியாயிற்று: குடிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலுள்ளோருக்கு நோய் அதனால் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது, சென்னைக் குடிசையின் பேரால்!

மருந்தின் வெற்றி அது என்று எழுதினார்கள். மருந்து பாதி. மறு பாதி, அந்தக் குடிசை வாசலுக்கு நடந்துபோன நர்சுகளும் சுகாதாரப் பார்வையாளர்களும். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார்கள், மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள், வராதவரைத் தேடிப் பிடிப்பார்கள். நடக்க ஆள் இருந்ததால் நடந்தது அந்த ஆராய்ச்சி. ஆளை எடுத்துவிட்டு மருந்தை மட்டும் கொடுத்திருந்தால், மாத்திரை பானைக்குள்ளே கிடந்திருக்கும்.

சரி, நம் நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. பொது ஆஸ்பத்திரி வார்டில் 5 கட்டிலுக்கு ஒரு நர்சு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 கட்டிலுக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது. ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்குச் சூட்சுமம் உடனே விளங்கும்: அது பணியிடக் கணக்கு. 30 கட்டிலுக்கு 6 பேர் என்றால், மூன்று ஷிப்டுக்குப் பங்கிட்டால் வேளைக்கு இருவர். ஆளுக்கு 15 கட்டில். லீவுக்கென்று கூடுதல் ஆள் நியமிக்காவிட்டால் அதுவும் இல்லை. கலிபோர்னியாவில் 2004-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்த வேளையில் வார்டில் நிற்கும் ஆளை எண்ணுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சில ஆஸ்பத்திரிகளில் தொடங்கிற்று. சாவு குறைந்தது. கூடுதல் நர்சுகளுக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதால் மிச்சமாயிற்று என்று 2021-ல் கணக்குக் காட்டினார்கள். பணமில்லை என்போர் இந்த வரியை இரண்டு தரம் படிக்கட்டும்.

இங்கே என்ன நடந்தது? 2015-ல் தேர்வு வைத்து 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தார்கள். மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு வந்தார்கள் அந்தப் பெண்கள். 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் கூடி உட்கார்ந்தார்கள் ஆயிரக்கணக்கில், நீதிமன்றம் தலையிட்டது. தொகை பிறகு ஏறிற்று. சிலர் நிரந்தரமானார்கள், பலர் காத்திருந்தார்கள். 2021-ல் ஆட்சி மாறியது. தொகுப்பூதியம் என்ற முறை மாறவில்லை. கோவிட் காலத்தில் எடுத்த 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31-ஆம் நாளோடு ஒப்பந்தம் முடிந்தது. தட்டும் மணியும் அடித்து வாழ்த்திய கைகள் அன்று எங்கே போயின? தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரே வரி: சுப்ரீம் கோர்ட் 2016-ல் சொன்னபடி அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த இடத்திலும் நர்சுக்கு 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது. அதை வாங்குகிறார்களா என்று உங்கள் தெரு நர்சிங் ஹோம் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

படிப்பும் உயிர் காக்கிறது. முன் சொன்ன 2014 ஆராய்ச்சியே, பட்டம் பெற்ற நர்சுகள் நூற்றுக்கு 10 பங்கு கூடிய இடத்தில் சாவு வாய்ப்பு 7 பங்கு குறைந்ததைக் கண்டது. 1871-லேயே பொது மருத்துவமனையில் நர்சுப் பயிற்சி தொடங்கிய ஊர் சென்னை. 1946-ல் பட்டப் படிப்பைத் தொடங்கிய ஊர் வேலூர். நமக்கு இது புதிதல்ல. வேலையிலிருக்கும் நர்சு சம்பளத்தோடு மேற்படிப்புக்குப் போய் வர வழி அகலமாக வேண்டும். பயிற்சி மாணவியை வார்டு ஆள் கணக்கில் சேர்த்துக் காட்டும் தந்திரமும் ஒழிய வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை, கொஞ்சம் கசப்பாயிருக்கும். மதுராந்தகம் நெடுஞ்சாலை ஊர். ஏரிக்கரையை ஒட்டிப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இரவு நேரத்தில் விபத்து நேர்கிறது. அடிபட்டவரோடு நாற்பது பேர் ஆஸ்பத்திரிக்குள் நுழைகிறோம், கரை வேட்டியோடு. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்றதும் கத்துகிறோம். யாரைப் பார்த்து? கண்ணில் படும் ஒரே ஆளான அந்த நர்சைப் பார்த்து. அவர் அப்போது வேறொருவருக்கு ரத்தத்தை நிறுத்திக்கொண்டிருப்பார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறை உண்டு என்பது இருக்கட்டும். கூலிக்காகப் போராடியவன், ஆள் பற்றாக்குறையில் சிக்கிய தொழிலாளிமேல் பாய்வது என்ன நியாயம்? வாசலில் இருவர் நின்றால் போதும். மற்றவர்கள் ரத்தம் கொடுக்கப் போகலாம்.

கிராமத்துப் பக்கமும் இதே கேள்விதான். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சேத்துப்பட்டு காட்டிய வழியிலேயே வீட்டு வாசலுக்குப் போயிற்று. ஆனால் படுக்கையில் கிடப்போருக்கென்று அப்போது வகுத்த ஏற்பாடு, வட்டாரத்துக்கு ஒரு நர்சு. ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர், எத்தனை கல் தூரம், எத்தனை வீட்டில் பக்கவாதக்காரர் என்பதைக் கிளைத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி எடுத்துவிடலாம்.

எடுத்ததும் அடுத்த வேலை. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க்கு மனு, 30 நாளில் பதில். மதுராந்தகம் அரசு ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டில் எத்தனை? அனுமதித்த நர்சுப் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை? அவர்களில் தொகுப்பூதியத்தில் எத்தனை பேர்? சென்ற மாதத்தின் ஒவ்வொரு இரவு ஷிப்டிலும் வார்டில் நின்றவர் எத்தனை பேர்? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றவற்றுக்குப் பதில் பலகையில் எழுதி மாட்டியிருப்பார்கள். அதற்கு மட்டும் வருகைப் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும்.